கூட்டம் நிறைந்த உணவகத்தில் சாப்பிடுவது: கிருஷ்ணகிரியிலிருந்து கேள்விகளும் பதில்களும்

கிருஷ்ணகிரியில் ஒரு சைவ உணவகத்தின் கல்லாவில் எட்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். வாசல், கூடம், சமையற்கட்டுக் கதவு மூன்றும் என் இடத்திலிருந்து தெரியும். அந்த வேலையை விட்ட பிறகும் ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கும் உறவினர்களும் உள்ளூர் நண்பர்களும் என்னிடம் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

கிருஷ்ணகிரி நடுத்தர ஊர்தானே, பெயர்பெற்ற உணவகங்களில் மட்டும் ஏன் இத்தனை கூட்டம்?

சாலைதான் காரணம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், சென்னையைப் பெங்களூரோடு இணைக்கும் 48ஆம் எண் நெடுஞ்சாலையும் இங்கே சந்திக்கின்றன. ஊத்தங்கரை, திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போகும் சாலையும் இங்கிருந்துதான் பிரிகிறது. பெங்களூரிலிருந்து நாங்கள் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறோம். விடியற்காலையில் அங்கிருந்து காரில் கிளம்பிய குடும்பத்துக்கு வயிறு கிள்ளத் தொடங்கும் இடம் சரியாக எங்கள் ஊர்தான்.

இதோடு உள்ளூர்க் கூட்டமும் சேர்கிறது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதிலிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் சுற்றுவட்டாரமெல்லாம் இங்கேதான் வந்து போகிறது. மனு கொடுக்க வந்தவர், வக்கீலைப் பார்க்க வந்தவர், மாங்காய் விற்ற பணத்தை வாங்க வந்த விவசாயி, இவர்களெல்லாம் மதியம் ஒரு மணிக்கு எங்கே போவார்கள்?

ஆக, இரண்டு வகையான பசி ஒரே கூடத்தில் உட்காருகிறது. உள்ளூர்க்காரருக்கு இருபது நிமிடத்தில் பஸ். பயணிகளுக்கோ கால் நீட்டி உட்கார வேண்டும், பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டும், பாட்டிக்குச் சூடாக ஏதாவது வேண்டும். அவசரக்காரரும் ஓய்வுக்காக வந்தவரும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்வதில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது.

எந்த நாள்களில் கூட்டம் அதிகம்?

ஞாயிற்றுக்கிழமை இரவுக்கு ஈடு எதுவும் இல்லை. சேலம், ஈரோடு, மதுரைப் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் திங்கட்கிழமை வேலைக்காகப் பெங்களூர் திரும்பும் இரவு அது. வெள்ளிக்கிழமை இரவில் இதே கூட்டம் எதிர்த்திசையில் வரும்.

கார்த்திகை பிறந்துவிட்டால் கர்நாடகத்திலிருந்து சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் விடியற்காலையிலேயே வந்து நிற்கும். மார்கழியில் அவர்களோடு மேல்மருவத்தூருக்குச் செல்லும் செவ்வாடைக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். பௌர்ணமி அன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற கூட்டம் மாலை நான்கு மணியிலிருந்து. ஆடிப் பதினெட்டில் தருமபுரிப் பக்கம் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒகேனக்கல் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் அந்த ஊரின் உணவகங்களை ஒரு வழியாக்கிவிடுவார்கள்.

முகூர்த்த நாளில் கூட்டம் இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் மதியம் கூடம் காலியாகக் கிடக்கும், ஏனென்றால் உள்ளூரில் பாதிப் பேர் கல்யாண மண்டபப் பந்தியில் இருப்பார்கள். நிம்மதியாகச் சாப்பிட நினைப்பவர்களுக்கு வளர்பிறை முகூர்த்த மதியம் மிக நல்ல நேரம்.

வாசலில் ‘பத்தே நிமிடம்’ என்கிறார்கள், அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. பொய் சொல்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கே கணக்குத் தெரிவதில்லை. நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கணக்கு இதுதான். கூடத்தில் 60 இருக்கைகள் இருக்கின்றன. ஒருவர் உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்து, மேசை துடைத்து, அடுத்தவர் உட்கார 30 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மணிக்கு 120 பேருக்குத்தான் அந்தக் கூடம் இடம் கொடுக்கும். ஞாயிறு மதியம் மணிக்கு 150 பேர் வருகிறார்கள். மணிக்கு 30 பேர் மிஞ்சுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் வாசலில் 60 பேர். நிமிடத்துக்கு இருவர் எழுந்தால் அறுபத்தோராவது ஆள் அரை மணி நேரம் நிற்க வேண்டும்.

இப்போது சமையற்கட்டில் சின்னத் தாமதம் என்று வையுங்கள். தோசை வர ஆறு நிமிடம் கூடுதலாகிறது, அவ்வளவுதான். 30 நிமிடம் 36 ஆகிறது. அதே 60 இருக்கைகள் இனி மணிக்கு 100 பேரைத்தான் தாங்கும். மணிக்கு 50 பேர் மிஞ்சுவார்கள். இரண்டு மணி நேரத்தில் 100 பேர். கடைசி ஆள் ஒரு மணி நேரம் நிற்பார். ஒவ்வொரு மேசையிலும் நேர்ந்த ஆறு நிமிடத் தாமதம் வாசலில் காத்திருப்பை இரண்டு மடங்காக்கிவிட்டது! இதை ஒரு நாள் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தபோது என்னாலேயே நம்ப முடியவில்லை. திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.

உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை, மணிக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையை அவர்கள் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம். இந்த விதியை 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கணிதமாக நிரூபித்தார். தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் பயன்படும் அந்த விதி எங்கள் ஊர் டிபன் கடைக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆகவே ‘பத்து நிமிடம்’ என்று சொல்பவரிடம், ‘எங்களுக்கு முன்னால் எத்தனை பேர்?’ என்று கேளுங்கள். அந்த எண்ணைக் கூடத்திலிருந்து நிமிடத்துக்கு எழுகிறவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் உங்களுக்கே உண்மை தெரிந்துவிடும். ஐந்து நிமிடம் நின்று எண்ணினால் போதும்.

இடம் பிடிக்க, சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் எழுதும் மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில், வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த வயதான தம்பதி. மூன்று இட்லியும் ஒரு வடையும் அந்த அம்மாவுக்கு, பெரியவருக்குப் பொங்கல். அந்த அம்மாவுக்குப் பற்கள் அதிகம் இல்லை. இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சாம்பாரில் போட்டு, அது ஊறும்வரை விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்து, பிறகு எடுத்து வாயில் போட்டார். வடையையும் அப்படித்தான் ஊறப்போட்டிருந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் நான்கு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டார். இன்னொருவர் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூடத் தவறாகப் பேசவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான்.

பெரியவர் இரண்டு முறை பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு மனைவியிடம், “போதும், எழுந்திரு” என்றார். அந்த அம்மா ஊறிய வடையைப் பார்த்தார், எழுந்துவிட்டார். கல்லாவுக்கு வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணம் கொடுத்தார். முழு விலை. ஒன்றரை இட்லியும் சாப்பிடாத வடையும் தட்டில் கிடந்ததை நான் என் இடத்திலிருந்தே பார்த்தேன். சில்லறை கொடுத்தேனே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை அதை நினைத்து வருந்துகிறேன்.

அன்று இரவே முதலாளியிடம் பேசி வாசலில் இரண்டு பெஞ்சுகள் போடவைத்தேன். பெயரை எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடும் வழக்கத்தையும் தொடங்கினோம். ‘பெயர் சொன்ன பிறகு உள்ளே வரவும்’ என்று பலகை வைத்தபோது சிலர் முறைத்தார்கள். ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

பின்னால் நிற்பதால் இடம் சீக்கிரம் கிடைக்கிறதா என்றால், அந்த ஒருவருக்குக் கிடைக்கலாம். ஆனால் சப்ளையர் நடக்கும் வழி அடைபட்டு, சாம்பார் வாளியோடு அவர் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன ஆறு நிமிடத் தாமதம் இப்படியும் பிறக்கிறது.

கூட்டம் அதிகமானால் சுவை குறைந்துவிடுமா?

பண்டத்தைப் பொறுத்தது. சிலவற்றுக்குக் கூட்டம் நல்லது, சிலவற்றைக் கெடுத்துவிடும்.

வடைக்கும் போண்டாவுக்கும் கூட்டம் வரப்பிரசாதம். எண்ணெய்ச் சட்டியிலிருந்து வந்ததும் தட்டுக்குப் போய்விடும். கண்ணாடிப் பெட்டியில் கிடந்து நமத்துப்போகிற வடையை மந்தமான நேரத்தில்தான் சாப்பிட நேரும். தேங்காய்ச் சட்னியும் அப்படியே. வெயில் காலத்தில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும் பண்டம் அது. கூட்டம் இருந்தால் அரைத்துக்கொண்டே இருப்பார்கள், புதிதாகவே கிடைக்கும். அவசரத்தில் கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கும், அதில் குறையொன்றும் இல்லை. கிருஷ்ணகிரி அணைக்கட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவல் சாப்பிட்டவர்களுக்கும் இது தெரியும். ஆள் நிற்க நிற்கத்தான் கல்லிலிருந்து நேராகக் கைக்கு வரும்.

இட்லி நடுத்தரம். வேக பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், இறக்கி இரண்டு நிமிடமாவது ஆறவிட்டால்தான் துணியில் ஒட்டாமல் முழுதாக வரும். கூட்டத்தில் அந்த இரண்டு நிமிடத்தை யாரும் கொடுப்பதில்லை. அடிப்பக்கம் தோல் உரிந்த இட்லி தட்டுக்கு வந்தால், மாவில் குறை என்று நினைக்காதீர்கள்.

தோசைதான் பாவம். கனமான இரும்புக் கல்லில் ஒரு தோசை வெந்து எடுத்ததும் கல்லின் சூடு இறங்கும். தண்ணீர் தெளித்துத் துடைக்கும்போது இன்னும் இறங்கும். மறுபடி ஏற நேரம் வேண்டும். வரிசையாக எட்டுத் தோசைகளை ஊற்றி, எடுத்த கையோடு அடுத்த எட்டை ஊற்றினால் மூன்றாவது சுற்றில் கல் களைத்துவிடுகிறது. தோசை வெளுத்து, மெத்தென்று, ஊத்தப்பத்துக்குத் தம்பி மாதிரி வரும். அடுப்பைக் கூட்டினாலோ ஓரம் கருகி நடுவில் மாவு நிற்கும். முறுகல் வேண்டும் என்றால் கூட்டம் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். உச்ச நேரத்தில் போக நேர்ந்தால் இட்லி, வடை, பொங்கல் என்று முடித்துக்கொள்வது உங்களுக்கும் நல்லது, மாஸ்டருக்கும் நல்லது.

சாம்பார் நீர்த்துப்போவதை எல்லோரும் கவனித்திருப்பீர்கள். அண்டா அடியைத் தொடும்போது சுடுதண்ணீரும் உப்பும் சேர்த்து இழுப்பார்கள். அடுத்த அண்டா பருப்பும் புளியும் ஒன்றோடொன்று சேரும் முன்பே கூடத்துக்கு வந்துவிடும். காபியில் இரண்டாம் டிகாக்‌ஷன் கலக்கும் நேரமும் இதுதான்.

பிரியாணி கொஞ்சம் வேறு கணக்கு. ஞாயிறு மதியம் முதல் அண்டாவின் தம் உடைத்து அரை மணி நேரத்துக்குள் கிடைப்பதே சிறந்தது. மூன்று மணிக்கு அடியில் கிடைப்பது உடைந்த அரிசியும் தூக்கலான மசாலாவும்தான். கூட்டம் மிகுந்த கடையில் இரண்டாவது, மூன்றாவது அண்டா உடைக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு போகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

சத்தம் தாங்க முடியவில்லையே, எல்லோரும் ஏன் கத்துகிறார்கள்?

யாரும் வேண்டுமென்று கத்துவதில்லை. சுற்றிலும் இரைச்சல் கூடும்போது மனிதக் குரல் தானாகவே உயர்கிறது. 1911இல் எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு காது மூக்குத் தொண்டை மருத்துவர் இதைக் கவனித்து எழுதியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. உங்கள் பக்கத்து மேசை குரலை உயர்த்தும், அதை மீற நீங்கள் உயர்த்துவீர்கள், சப்ளையர் ‘ரெண்டு ரோஸ்ட்’ என்று உங்களையும் மீறிக் கத்துவார். கிரானைட் தரை, கண்ணாடிச் சுவர், எவர்சில்வர் மேசை மூன்றும் சத்தத்தைத் திருப்பி அடிக்கின்றன.

இரைச்சலில் நாக்கின் சுவையுணர்வும் கொஞ்சம் மாறுகிறது. விமானத்துக்குள் கேட்பது போன்ற பலத்த இரைச்சலில் இனிப்பு மங்கித் தெரிகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நல்ல கேசரி சப்பென்று தெரிந்தால் கூடத்தையும் ஒருமுறை கவனியுங்கள். பாத்திரம் கொட்டும் இடத்துக்கு எதிர்மூலையில், சுவரையொட்டி உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும்.

முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் உட்காரச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

மறுக்கலாம், காத்திருக்க வேண்டிவரும். நான் உட்காரத்தான் சொல்வேன். “இங்கே யாராவது வருகிறார்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் முகம் மலரும். தனியாக வந்திருக்கும் பெண்களை ஆண்கள் மட்டும் இருக்கும் மேசையில் உட்காரவைப்பதை மட்டும் கல்லாவில் இருப்பவர் தவிர்க்க வேண்டும். கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள், தயங்காமல் கேளுங்கள்.

சப்ளையர் மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. அலட்சியம்தானே?

அவர் தலையில் அந்த நேரத்தில் ஆறு மேசைகள் இருக்கின்றன. ஒன்றாம் மேசைக்கு வெங்காயம் இல்லாத ரவா தோசை, இரண்டாம் மேசைக்கு இன்னொரு சாம்பார், மூன்றாம் மேசையில் குழந்தைக்குக் காரமில்லாத ஏதாவது. எங்கள் ஊர் சப்ளையர் இதைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் கேட்டுக்கொண்டு, தமிழில் சமையற்கட்டுக்குச் சொல்ல வேண்டும். எழுதிக்கொள்ளாமல் இதையெல்லாம் நினைவில் வைத்திருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். கணக்கில் தவறு நான் செய்திருக்கிறேன், அவர் செய்ததில்லை.

கூட்ட நாளில் அவர்கள் மதியச் சாப்பாட்டைச் சாப்பிடும்போது மணி நான்கு ஆகிவிடும். இதைச் சொல்வது பரிதாபத்துக்காக அல்ல. பசியோடு இருப்பவர் பசியோடு இருப்பவருக்குப் பரிமாறுகிறார் என்பதை இரு தரப்பும் நினைத்துக்கொண்டால் குரல் உயராது. ஒரே தடவையில் முழுவதையும் சொல்லிவிடுங்கள். முதலில் இட்லி, பிறகு தோசை, பிறகு காபி என்று பிரித்துச் சொன்னால் அவர் மூன்று நடை நடக்க வேண்டும், உங்களுக்கும் மூன்று காத்திருப்பு.

உள்ளே பாதி மேசைகள் காலி, ஆனாலும் உணவு வரவில்லை. ஏன்?

கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று சமையற்கட்டில் நிற்கிறது. பார்சல் கட்டச் சொன்னவர்கள், தொலைபேசியில் சொன்னவர்கள், செயலி வழியாகக் கேட்டவர்கள். கல் ஒன்றுதான். கூடத்தில் இருபது பேர் இருந்தாலும் அந்தக் கல்லுக்கு முன்னால் ஐம்பது பேர் இருக்கலாம். பார்சலுக்கென்று தனிக் கல்லும் தனி ஆளும் வைக்காத உணவகம் எவ்வளவு பெரிய கூடம் கட்டினாலும் பயனில்லை.

பார்சல் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி வாங்காமல் வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரம் கொண்டுபோங்கள். அளவும் கொஞ்சம் தாராளமாக ஊற்றுவார்கள்.

கூட்ட நாளில் சுத்தத்தை எப்படிப் பார்ப்பது?

மேசை துடைக்கும் துணியைப் பாருங்கள். ஒரே துணி முப்பது மேசைகளைத் துடைத்தால், துடைக்காமல் விடுவதே மேல். டம்ளரின் விளிம்பு வழவழப்பாக இருந்தால் கழுவும் இடம் திணறுகிறது என்று அர்த்தம். மாற்றித் தரச் சொல்லுங்கள். சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நேரம் கடந்து இருந்தால் கிருமிகள் பெருகும். அந்த வகையில் அண்டா அண்டாவாகக் காலியாகும் கடை, ஆளில்லாத கடையைவிடப் பாதுகாப்பானது. கவலை எண்ணெயில்தான். நாள் முழுவதும் கொதிக்கும் எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ந்து எண்ணெய் கெடும்போது உண்டாகும் பொருள்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. கறுத்து, நுரைத்து, புகையும் எண்ணெயைக் கண்டால் அன்றைக்கு வடையை விட்டுவிடுங்கள். கடையில் மாட்டியிருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பில்லிலும் இருக்க வேண்டும். புகார் கொடுக்க நேர்ந்தால் அந்த எண்தான் உதவும்.

கூட்ட நாளில் பில்லில் சேவைக் கட்டணம் சேர்த்தால்?

கட்டாயம் இல்லை. தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நீக்கச் சொல்லலாம், மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். ஜிஎஸ்டி வேறு, சாதாரண உணவகங்களில் அது 5 விழுக்காடு. சப்ளையருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.

வயதானவர்களையும் சர்க்கரை நோய் உள்ளவர்களையும் அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினையோ மாத்திரையையோ வீட்டிலேயோ காரிலேயோ போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நிற்பது ஆபத்து. உணவு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். எங்கள் வாசலில் ஒருவர் அப்படிச் சரிந்து உட்கார்ந்து, நான் கல்லாவை விட்டு ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். மருந்துக்கும் உணவுக்கும் எவ்வளவு இடைவெளி என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடம் கிடைத்து, உணவு வருவது உறுதியான பிறகு மருந்தை எடுக்கலாமா என்றும் கேளுங்கள். பையில் வாழைப்பழமோ, பிள்ளைகளுக்குக் காவேரிப்பட்டணத்து நிப்பட்டோ (தட்டை போன்ற பலகாரம்) எப்போதும் இருக்கட்டும்.

முதியவர்களுக்குத் தேவை மெதுவாகச் சாப்பிடும் நேரம். காலை ஏழு மணி, பதினொன்றரை, மாலை மூன்றேகால், இரவு ஆறரை: இந்த நான்கும் நான் பரிந்துரைப்பவை. பெரியவர்கள் வாசலில் நிற்பதைக் கண்டால் அவர்களை முன்னால் அனுப்பச் சொல்லிக் கல்லாவில் கேளுங்கள். வரிசையில் இருப்பவர்களும் ஒத்துக்கொள்வார்கள். எட்டு ஆண்டுகளில் மறுத்தவர்களை எண்ண ஒரு கை போதும்.

கூட்டத்தைச் சமாளிக்க உணவகங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலாளிகள் உடனே இன்னொரு மாடி கட்ட நினைக்கிறார்கள். நான் பட்டியலைச் சுருக்குங்கள் என்பேன். பெங்களூர் காந்தி பஜாரில் 1943 முதல் நடந்துவரும் வித்யார்த்தி பவனுக்குப் போய்ப் பாருங்கள். சின்னக் கூடம், வாசலில் எப்போதும் ஆள். ஆனால் அங்கே எல்லோரும் கேட்பது மசால் தோசை. ஒரு சப்ளையர் கை நெடுக தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து வரிசையாக வைத்துக்கொண்டே போவார். யாருக்கு எது என்ற குழப்பத்துக்கே இடமில்லை. அதே பெங்களூரில் 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகமும் வாடிக்கையாளர்களைக் காத்திருக்கவைக்கிறது. காத்திருப்பது தெரிந்தே போகிறார்கள், வருத்தப்படாமல் திரும்புகிறார்கள். எங்கள் ஊரிலோ ஒரே கடையில் இட்லியிலிருந்து கோபி மஞ்சூரியன், நூடுல்ஸ், தந்தூரி வரை பட்டியல் நீள்கிறது. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஒரே மேசையிலிருந்து நான்கு அடுப்புகளுக்கு நான்கு ஆர்டர்கள் போகின்றன. நால்வருக்கும் ஒரே நேரத்தில் உணவு வராது. ஒருவர் சாப்பிட்டு முடித்துவிட்டு மற்றவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், இருக்கை காலியாகாது.

கூட்ட நாளுக்கென்று பன்னிரண்டு பண்டங்கள் மட்டும் எழுதிய தனிப் பலகை வைத்தால் போதும். வாசலில் பெஞ்சு, குடிநீர், பெயர்ப் பட்டியல், நிழல். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு ஏசிக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

கூட்டம் இல்லாத கடைக்குப் போனால் ஏமாந்துவிடுவோமா?

கூட்டம் நல்ல கடைக்கு அடையாளம் என்பது பாதி உண்மை. நெடுஞ்சாலையில் கார் நிறுத்த இடம் இருப்பதாலேயே நிரம்பும் கடைகள் உண்டு. ஊருக்குள் பழைய தெருக்களில், பெஞ்சு நான்கு போட்டு, மதியம் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கொள்ளுக் குழம்பும் கொடுக்கிற சின்ன மெஸ்களை வெளியூர்க்காரர்கள் பார்ப்பதே இல்லை. களி இந்த மண்ணின் சாப்பாடு. கேழ்வரகு இங்கே விளைகிறது. சூடான உருண்டையில் குழி பறித்து, குழம்பை ஊற்றி, மெல்லாமல் விழுங்க வேண்டிய அந்தச் சாப்பாட்டை அவசரமாகச் சாப்பிடவே முடியாது, கை சுட்டுவிடும். பசியோடு பெரிய கடையின் வாசலில் நாற்பது நிமிடம் நிற்பதற்குப் பதில் ஒருமுறை இங்கே திரும்பிப் பாருங்கள்.

வாடிக்கையாக வந்துகொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் இப்போது வருவதில்லை என்கிறார்களே?

உண்மை. கடை புகழ்பெற்றதும் முதலில் விலகுகிறவர்கள் அவர்கள்தான். தினமும் காலை எட்டு மணிக்கு ஒரே மூலையில் செய்தித்தாளோடு உட்கார்ந்து, இரண்டு இட்லியும் ஒரு காபியும் சாப்பிட்டவர், யாரோ தன் பின்னால் நிற்பதை உணர்ந்த நாளிலிருந்து வருவதை நிறுத்தினார். ஆறு மாதம் கழித்துக் காந்தி சாலையில் பார்த்து, “ஏன் சார் வருவதில்லை?” என்று கேட்டேன். “உங்கள் கடையில் இப்போது காபி ஆறுவதற்குள் குடிக்க வேண்டியிருக்கிறது தம்பி” என்றார்.

மறுவாரம் மூலையிலிருந்த இரண்டு பேர் உட்காரும் அந்த மேசையைக் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை தினமும் வருகிற உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கும்படி முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். காந்தி சாலையில் பார்த்தவரின் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை வந்தார். செய்தித்தாளை விரித்தார். சப்ளையர் அவரைக் கேட்காமலே இரண்டு இட்லியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.